கட்டை பாடுமா?
மின்கிட்டார்: மரம், பூச்சு, உழைப்பு

1

எங்கள் பாட்டுக் குழுவுக்கு ஓர் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குவதென்று முடிவானபோது என்னையும் கடைக்குக் கூட்டிப் போனார்கள். எனக்கு ஸ்வரம் தெரியாது. 'எம்.ஏ. தமிழ் படிச்சவன், எதையும் நோண்டி நோண்டிக் கேப்பான்' என்பதுதான் என் தகுதி. கையில் இருந்தது 28 ஆயிரம் ரூபாய். மூன்று மாத நிகழ்ச்சிகளில் துண்டேந்தி வசூலித்தது. பத்து ரூபாய்த் தாள்களாகவும் சில்லறையாகவும் வந்த காசு என்பதால் அதைச் செலவழிப்பதில் எல்லோருக்குமே ஒரு நடுக்கம் இருந்தது.

கடைக்காரர் இரண்டு கிட்டார்களை எடுத்து வைத்தார். ஒன்று 11 ஆயிரம், மற்றது 26 ஆயிரம். வித்தியாசம் என்னவென்று கேட்டோம். விரல் முட்டியை மடக்கி இரண்டின் முதுகிலும் தட்டினார். "கேட்டீங்களா சார்? இது சாதாக் கட்டை. இது மஹோகனி, ஜாதி மரம். சவுண்டு கனமா வரும். இன்னும் மேல போனீங்கன்னா நைட்ரோ பூச்சு. அதுல மரம் மூச்சு விடும்."

எங்கள் குழுவில் பறை அடிக்கிற தோழர் மெல்ல என் காதில் சொன்னார்: "ஜாதி மரமாம், கேட்டீங்களா?"

நாங்கள் அன்று எதையும் வாங்காமல் திரும்பிவிட்டோம். அந்தத் தட்டலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டதை அவர் சொன்னார். அவர் செய்த ஒன்றே ஒன்றுதான் என்னை உறுத்தியது. மின்கிட்டாரின் ஒலியை நிரூபிக்க அவர் வயரைச் செருகவே இல்லை. மின்சாரத்தால் பேசுகிற ஒரு கருவியை மின்சாரம் இல்லாமல் தட்டிக் காட்டி விற்க முடிகிறதென்றால், அங்கே விற்கப்படுவது ஒலி அல்ல, ஒலியைப் பற்றிய ஒரு கதையாடல். அது எங்கிருந்து வருகிறது, யாருக்குப் பயன்படுகிறது, எதை மறைக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

2

முதலில் கருவி. சாதாரணக் கிட்டார், வீணை, நம் பழைய யாழ் ஆகிய எல்லாவற்றிலும் நரம்பு அல்லது கம்பியின் அதிர்வு மிகச் சிறியது. அது தானாகக் காற்றை அசைக்க வல்லதல்ல. ஆகவே ஒரு பத்தர் தேவைப்படுகிறது. சாதாரணக் கிட்டாரில் கம்பி பாலத்தை அசைக்கும், பாலம் இரண்டு மூன்று மில்லிமீட்டரே தடிமனுள்ள மேற்பலகையை அசைக்கும், பலகை காற்றை அசைக்கும். அங்கே மரம்தான் ஒலிபெருக்கி. அந்த மரத்தின் எடை, விறைப்பு, ஈரம் எல்லாமே காதுக்கு வந்து சேரும். சீவகசிந்தாமணியில் காந்தருவதத்தை முன் வைக்கப்படும் யாழ்களைச் சீவகன் ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். ஒன்றின் மரம் நீரில் நின்று இளகியது, ஒன்று வெட்டுப்பட்டது, ஒன்று இடி விழுந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பரிசோதனை வெறும் அலங்காரமல்ல. பத்தர் உள்ள கருவிக்கு அது நியாயமான கேள்வி.

திண்ம உடம்புள்ள மின்கிட்டார் என்பது பத்தர் இல்லாத யாழ். நாலரை சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு கட்டை. அதன்மேல் இரும்புக் கம்பிகள். கம்பிகளுக்கு அடியில் 'பிக்கப்'. பிக்கப் என்றால் ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமயிர் தடிமனே உள்ள தாமிரக் கம்பி, சுமார் 8 ஆயிரம் சுற்று. காந்தம் தன் மேலுள்ள இரும்புக் கம்பியையும் காந்தமாக்குகிறது. அந்தக் கம்பி அதிரும்போது சுருளை ஊடுருவும் காந்தப்புலம் மாறுகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. புதிதாக ஒன்றுமில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, பிக்கப் ஒலிவாங்கி அல்ல என்பது. மைக் காற்றைக் கேட்கும். பிக்கப்புக்குக் காற்றும் தெரியாது, மரமும் தெரியாது. தனக்கு எதிரே ஓர் இரும்புக் கம்பி எப்படி அசைகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். பித்தளைக் கம்பியையோ நைலானையோ கட்டினால் அது கிட்டத்தட்ட ஊமை. (மெழுகில் முக்கி எடுக்காத பிக்கப்களில் சுருளே லேசாக அதிர்ந்து கட்டையைத் தட்டினால் 'டொக்' என்று கேட்பதுண்டு. அது இந்த விதிக்குப் புறம்பான ஒரு சிறு கசிவு.)

வரலாறும் இதையே சொல்கிறது. தொழில்முறையில் தயாரித்து விற்கப்பட்ட முதல் மின்கிட்டார் மரத்தால் ஆனதல்ல. ஜார்ஜ் பியூசாம்ப் 1931-இல் மரத்தில் ஒரு மாதிரி செய்து பார்த்தார் என்பது உண்மை. ஆனால் 1932-இல் ரிக்கன்பேக்கர் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்தது வார்ப்பு அலுமினியத்தில் செய்தது. மடியில் கிடத்தி வாசிக்கிற ஹவாய்க் கிட்டார். வடிவத்தைப் பார்த்து 'பொரிக்கும் சட்டி' என்று கேலியாக அழைத்தார்கள். மேடை விளக்கின் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி கலைந்ததால் 1935-இல் பேக்கலைட்டுக்குப் போனார்கள். ஆக இந்தக் கருவியின் 'மூலம்' என்று ஒன்றைத் தேடிப் போனால் அங்கே நமக்குக் கிடைப்பது ஆதி மரம் அல்ல, ஓர் உலோகச் சட்டி.

இன்னொன்று. திண்ம உடம்பு ஏன் வந்தது? உள்ளீடற்ற கிட்டாரில் பிக்கப்பைப் பொருத்தி ஆம்பின் சத்தத்தைக் கூட்டினால், ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி கிட்டாரின் மேற்பலகையை அசைக்கும். அது கம்பியை அசைக்கும், அது மறுபடி ஆம்புக்குப் போகும். கடைசியில் ஊளைதான் மிஞ்சும். அந்த ஊளையை நிறுத்தவும், மீட்டிய ஸ்வரம் நீண்டு நிற்கவும்தான் கட்டையைத் திண்மமாக்கினார்கள். அதாவது மரத்தைப் பாட வைக்க அல்ல, பாடாமல் இருக்க வைக்க. வாயடைக்கப்பட்ட மரத்தைக் காட்டி 'என்னமா பாடுது பாருங்க' என்கிறது சந்தை. இந்த முரணை நாம் லேசில் விட்டுவிடக்கூடாது.

3

அப்படியானால் மரத்துக்கு ஒரு பங்குமே இல்லையா? 'எல்லாம் கப்ஸா' என்று ஒரே போடாகப் போடுவது நமக்குப் பிடித்த வேலைதான். ஆனால் அது சரியல்ல. தொன்மத்தைக் கட்டுடைக்கிறேன் என்று கிளம்பி ஜடப்பொருளையே மறுத்துவிடுகிற பழக்கம் நம் வட்டாரங்களில் கொஞ்சம் அதிகம்.

கம்பியின் இரண்டு முனைகளும் மரத்தில் கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு முனை பாலத்தில், மறு முனை கழுத்தின் நுனியிலோ விரல் அழுத்தும் ஃப்ரெட்டிலோ. முனைகள் முழுக்க அசையாதவை என்றால் கம்பி தன் சக்தியை அங்கே இழக்காது. ஆனால் எந்த மரமும் முழு விறைப்பல்ல. கட்டை சில குறிப்பிட்ட அதிர்வெண்களில் கம்பியோடு சேர்ந்து ஆடும். அப்போது கம்பியின் சக்தி கட்டைக்குள் இறங்கிக் கரைந்துவிடும். அந்த ஸ்வரம் மட்டும் சட்டென்று செத்துப்போகும். கிட்டார்காரர்கள் இதைச் 'செத்த இடம்' என்பார்கள். ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷர், டில்மன் ஸ்விக்கர் ஆகிய இருவரும் 1990-களில் இதை முறையாக அளந்தார்கள். பெரும்பாலும் குற்றவாளி உடம்பு அல்ல, கழுத்து. மெலிந்து நீண்டது அதுதானே. கழுத்தின் நுனியில் ஒரு சிறு இரும்புக் கவ்வியை மாட்டினால் செத்த இடம் வேறிடத்துக்கு நகர்ந்துவிடும். வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

பிரான்சில் ஆர்த்யூர் பத்தே, ழான்-லுவிக் லெ கரூ முதலியோர் விரற்பலகை கருங்காலியா ஈட்டியா என்பது மட்டும் வேறுபடும்படி கிட்டார்களை வைத்து அளந்தார்கள். அதிர்வு தேய்வதில் வேறுபாடு இருக்கத்தான் செய்தது, கழுத்தோடு கம்பி சேர்ந்து ஆடுகிற இடங்களில். மாறாக, மின்கிட்டாரின் இயற்பியல் பற்றிப் பெருநூல் எழுதிய ஜெர்மானியர் மன்ஃப்ரெட் ஸோல்னர், திண்ம உடம்பின் மரவகைக்கு ஒலியில் சொல்லும்படியான பங்கு இல்லை என்று வாதிடுகிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு நிதானமான இடம் கிடைக்கிறது. மரம் ஒலியைத் தருவதில்லை. கம்பியிடமிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு, எந்த ஸ்வரத்தில் என்பதை அந்தக் குறிப்பிட்ட கட்டையின் விறைப்பும் எடையும் வெட்டும் இணைப்பும் தீர்மானிக்கின்றன. 'மஹோகனி' என்கிற பெயர் தீர்மானிப்பதில்லை. ஒரே இன மரத்தில், ஒரே மரத்தின் அடிக்கும் நுனிக்குமிடையே கூட அடர்த்தி வெகுவாக மாறும். எந்தத் தச்சரைக் கேட்டாலும் சொல்வார்.

இப்போது அளவை ஒப்பிட வேண்டும். கம்பி ஒரே சமயத்தில் முழு நீளத்திலும் பாதியிலும் மூன்றிலொன்றிலும் நாலிலொன்றிலும் அதிர்கிறது. இந்த உபஸ்வரங்கள் ஒவ்வொன்றுக்கும் கம்பியில் அசைவற்ற புள்ளிகள் உண்டு. அந்தப் புள்ளிக்கு நேர்கீழே பிக்கப் இருந்தால் அந்த உபஸ்வரம் கேட்காது. ஆகவே பிக்கப்பைச் சில சென்டிமீட்டர் நகர்த்தினால் ஒலியே வேறு. பாலத்தருகே கூர்மை, கழுத்தருகே உருண்டை. அடுத்து, சுருளுக்கென்று ஒரு மின் ஒத்ததிர்வு உண்டு. பெரும்பாலும் 2 ஆயிரம் முதல் 5 ஆயிரம் ஹெர்ட்ஸுக்குள். சுற்றின் எண்ணிக்கை கூடினால் அது கீழிறங்கும், ஒலி தடிக்கும். கேபிள் நீளமானாலும் அப்படியே. மூன்று மீட்டர் வயருக்குப் பதில் பத்து மீட்டர் வயரைப் போட்டால் கேட்கிற மழுக்கம், மரத்தை மாற்றினால் கேட்பதாகச் சொல்லப்படுவதைவிடத் தெளிவாகக் கேட்கும். அதற்கப்புறம் கம்பி புதுசா பழசா, பிக்கப்புக்கும் கம்பிக்கும் எத்தனை மில்லிமீட்டர், மீட்டுகிற கை, ஆம்ப். கடைசியாக ஒலிபெருக்கி. வழக்கமான 12 அங்குல கிட்டார் ஒலிபெருக்கி 5 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே கிட்டத்தட்ட எதையுமே விடாது.

நாஷ்வில் நகரத்து இசைக்கலைஞர் ஜிம் லில் 2020-களின் தொடக்கத்தில் இதைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனார். பிக்கப்பின் உயரமும் இடமும் கம்பியும் மாறாதபடி பார்த்துக்கொண்டு ஒவ்வொரு பாகமாகக் கழித்தார். இறுதியில் கிட்டார் உடம்பே இல்லை. இரண்டு மேசைகளுக்கு நடுவே கம்பியைக் கட்டி மீட்டினார். விலையுயர்ந்த கிட்டாரிலிருந்து அதைப் பிரித்துச் சொல்வது வெகு சிரமம். ஆய்வுக்கூடச் சோதனை அல்லதான். ஆனால் காது உள்ளவர் கேட்கலாம்.

4

பூச்சின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. 'நைட்ரோ' என்பது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். பருத்தியில் அல்லது மரக்கூழில் உள்ள செல்லுலோஸை நைட்ரிக், சல்ஃப்யூரிக் அமிலங்களில் ஊறவைத்தால் கிடைப்பது. 1846-இல் ஷோன்பைன் இதைக் கண்டபோது அது வெடிமருந்து. பிறகு அதே வஸ்து ஃபிலிம் சுருளாயிற்று. 1920-களில் டூபாண்ட் கம்பெனியால் மோட்டார் கார் பெயின்ட் ஆயிற்று. ஃபெண்டர் கிட்டார்களின் புகழ்பெற்ற வண்ணங்கள் பலவும் அந்தக் காலத்துக் கார் வண்ணங்களே. இசை மரபு தந்த பூச்சல்ல அது. டெட்ராய்ட் தந்தது. சீக்கிரம் காயும், தெளிக்கச் சுலபம், கடைகளில் கிடைத்தது. அவ்வளவுதான் காரணம்.

1960-களின் கடைசியில் ஃபெண்டர் தடித்த பாலியெஸ்டருக்கு மாறியது. அந்தக் கம்பெனியை சி.பி.எஸ். என்கிற பெருநிறுவனம் வாங்கியது 1965-இல். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுத்தான் ஒரு பொற்காலம் கட்டமைக்கப்பட்டது. 'சி.பி.எஸ்.ஸுக்கு முன்' என்பது கிட்டார்ச் சந்தையில் 'கலியுகத்துக்கு முன்' என்கிற மாதிரி. முன்பு நைட்ரோ, மரம் மூச்சு விட்டது. பின்பு பிளாஸ்டிக், மரத்துக்கு மூச்சு முட்டியது. இப்படிப் போகிறது அந்தப் புராணம்.

வெட்டி, உலர்த்தி, இழைத்த மரம் மூச்சு விடுவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும், விடும். அவ்வளவே. லேக்கரும் அதைத் தடுக்கத்தான் பூசப்படுகிறது. இரண்டு மில்லிமீட்டர் மேற்பலகையின் மீது அரை மில்லிமீட்டர் பாலியெஸ்டர் ஏறினால் அதன் எடையும் விறைப்பும் மாறும், ஒலி மட்டுப்படும். அது உண்மை. சாதாரணக் கிட்டார் செய்பவர்கள் பூச்சை மெல்லிசாக வைக்கப் படாதபாடு படுவதும் அதனால்தான். ஆனால் நாலரை சென்டிமீட்டர் கட்டைமேல் அதே அரை மில்லிமீட்டர் என்ன செய்துவிடும்? சாதாரணக் கிட்டாரின் உண்மையைத் தூக்கிவந்து மின்கிட்டாரின் மேல் பூசியிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் நடந்த உண்மையான 'பூச்சு' இதுதான்.

நைட்ரோ வேறொன்று செய்கிறது. வயதாக ஆக மஞ்சளிக்கிறது, சுருங்குகிறது, குளிரில் வெடிப்பு விடுகிறது, கைபட்ட இடத்தில் தேய்ந்து மரம் தெரிகிறது. அதாவது காலத்தைக் காட்டுகிறது. பாலியெஸ்டருக்கு வயதாவதில்லை. கண்ணுக்குத் தெரிகிற முதுமை காதுக்குக் கேட்கிற முதுமையாக மொழிபெயர்க்கப்படுகிறது. இது எங்கே போய் முடிந்தது தெரியுமா? 1995-இல் ஃபெண்டர் நிறுவனம் புதிதாகச் செய்த கிட்டாரை ஆலையிலேயே சுரண்டி, தேய்த்து, துருவேற்றி, 'ரெலிக்' என்று பெயரிட்டுக் கூடுதல் விலைக்கு விற்கத் தொடங்கியது. யாரும் வாழாத வாழ்க்கையின் தழும்புகள் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் போடப்படுகின்றன. வரலாறே ஒரு பூச்சாகிவிட்டது.

5

ஆனாலும் ஜனங்கள் கேட்கிறார்களே, அதற்கென்ன சொல்வது? 'எனக்குக் கேக்குதுப்பா' என்கிறவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்குக் கேட்கத்தான் செய்கிறது. எதைக் கொண்டு கேட்கிறார் என்பதுதான் விஷயம்.

1940-ஐ ஒட்டி லெஸ் பால் ஒரு நாலங்குலச் சதுரப் பைன் கட்டையில் கம்பியும் பிக்கப்பும் பொருத்தி வாசித்தார். பெயரே 'கட்டை'. சபை ஏற்கவில்லை. பிறகு ஒரு சாதாரணக் கிட்டாரை நடுவே அறுத்து அதன் இரண்டு பக்கங்களையும் இறக்கை மாதிரி ஒட்டிக்கொண்டு அதையே வாசித்தார். ஏற்றுக்கொண்டார்கள். அவரே பலமுறை சொன்ன கதை இது. அந்த இறக்கைகளுக்கு ஒலியில் வேலையே இல்லை. அவை கண்ணுக்கு. கருவி என்பது ஒரு குறி. குறி சரியாக இருந்தால்தான் காது திறக்கிறது.

லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதை எண்களில் சொல்கிறது. இது சாதாரணக் கிட்டார் பற்றியது, மரம் உண்மையிலேயே ஒலிக்கிற இடம். முதுகும் பக்கங்களும் மட்டும் ஆறு வகை மரங்களில், மற்றதெல்லாம் ஒரே மாதிரி, ஆறு கிட்டார்கள். 52 வாசிப்பாளர்கள். மங்கிய வெளிச்சத்தில் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்கள். விலையுயர்ந்த பிரேசில் ஈட்டி, மலிவான மரத்தைவிட மேலாகத் தேறவில்லை. கண்ணைக் கட்டியதும் மரத்தின் குலப்பெருமை காணாமல் போய்விட்டது.

அன்று நாங்கள் கடையில் கேட்ட 'ஜாதி மரம்' என்கிற சொல்லுக்கு இங்கே திரும்பி வரவேண்டும். நம் மரக்கடைகளில் தேக்கு, ஈட்டி போன்றவற்றை ஜாதி மரம் என்று சொல்வது சகஜம். சொல்பவர் ஒன்றும் நினைத்துச் சொல்வதில்லை. ஆனால் மொழி நினைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு பொருளின் தரம் அது செய்யப்பட்ட விதத்தில் இல்லை, அது பிறந்த குலத்தில் இருக்கிறது. அது உள்ளே உறைந்து கிடக்கிறது, தட்டினால் வெளிப்படும். கலப்பு வந்தால் கெட்டுவிடும் என்கிற ஒரு முழுச் சிந்தனை முறை அந்த ஒரு சொல்லுக்குள் சுருண்டு கிடக்கிறது. மேற்கத்தியச் சந்தையில் இதற்கு ஜாதி என்று பெயரில்லை. ஆனால் சாரவாதம் அதே சாரவாதம்தான்.

தொன்மங்களை உரிப்பதில் வல்லவரான ரொலாண் பார்த்கூட இதற்குத் தப்பவில்லை. 1957-இல் வந்த அவருடைய 'தொன்மங்கள்' நூலில் பொம்மைகளைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. பிளாஸ்டிக் பொம்மைகளைச் சாடிவிட்டு மரத்தைப் பற்றி எழுதும்போது அவர் உருகிவிடுகிறார். மரம் பரிச்சயமானது, கவித்துவமானது, காயப்படுத்தாதது என்று. மரத்தின் தொன்மத்தை மட்டும் அவர் உரிக்காமல் விட்டுவிட்டார். நானும் என் தாத்தாவின் தேக்குப் பெட்டியை முகர்ந்து பார்க்கிறவன்தான், அவரைக் குறை சொல்ல வரவில்லை. பிரியம் வேறு, அந்தப் பிரியத்தின் பேரில் பில் போடுவது வேறு.

கம்பெனிகள் மரத்தைத் தேர்ந்த காரணங்களைப் பார்த்தால் இந்தச் சாரம் இன்னும் கரைகிறது. ஃபெண்டர் 1950-களின் நடுவில் ஆஷ் மரத்திலிருந்து ஆல்டருக்குப் போனது. ஆல்டர் சுலபமாகக் கிடைத்தது, துவாரங்களை அடைக்காமலே பூச்சு ஏற்றது. மேப்பிள் விரற்பலகை தேய்ந்து அழுக்காகத் தெரிகிறது என்பதால் 1958-59-இல் ஈட்டிக்கு மாறினார்கள் என்றே சொல்லப்படுகிறது. 2020-இல், பூச்சித் தாக்குதலாலும் வெள்ளத்தாலும் ஆஷ் மரம் அரிதாகிவிட்டதென்று வழக்கமான தயாரிப்பிலிருந்து அதை விலக்கிக்கொண்டார்கள். டேன்எலெக்ட்ரோ கம்பெனி 1950-களில் மலிவு விலைக் கடைகளுக்காக அட்டை மாதிரியான மேசனைட் பலகையில் கிட்டார் செய்தது. அவற்றையும் மேதைகள் வாசித்தார்கள். கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்ட முடிவுகள் பிற்பாடு இசைச் சாஸ்திரமாகப் படிக்கப்படுகின்றன.

6

இந்தக் கதையாடல் எதை மறைக்கிறது? இரண்டு விஷயங்களை.

ஒன்று, கை. ஒலி எங்கே தீர்மானிக்கப்படுகிறது என்று பார்த்தோம். காந்தத்தில், சுருளில், சுற்றின் எண்ணிக்கையில், கம்பி எவ்வளவு இறுக்கமாக, எவ்வளவு ஒழுங்காக அல்லது ஒழுங்கின்றிச் சுற்றப்பட்டது என்பதில். அதைச் சுற்றியது யார்? 1950-களின் ஃபெண்டர் ஆலையில் இயந்திரம் சுழலும், தாமிரக் கம்பியை விரல்களுக்கிடையே பிடித்து வழிநடத்துவது ஓர் ஆள். மயிரிழைக் கம்பி அறுந்துவிடக்கூடாது. அபிகெய்ல் இபாரா என்கிற மெக்சிக வம்சாவளிப் பெண் 1956-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்து 2013-இல் ஓய்வு பெற்றார். அவர் சுற்றிய பிக்கப்புக்கு இன்று தனி விலை. ஆனால் அவர் பெயர் வெளியே தெரிய எத்தனையோ பத்தாண்டுகள் ஆயின. லியோ ஃபெண்டர், லெஸ் பால் என்று முதலாளியின், வாசித்தவரின் பெயர் கட்டையில் பொறிக்கப்படும். சுற்றியவள் பெயர் மூடிக்கு அடியில். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கலமசூவிலிருந்த கிப்சன் ஆலையில் கிட்டார்களைச் செய்தது பெரும்பாலும் பெண்கள். அதுவும் பிற்காலத்தில்தான் எழுதப்பட்டது.

'மரம் பாடுகிறது' என்று சொல்கிறபோது மனித உழைப்பின் விளைவு இயற்கையின் குணமாக மாற்றப்படுகிறது. மார்க்ஸ் பண்ட வழிபாடு என்று எதைச் சொன்னாரோ அதற்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மேசை தலைகீழாக நின்று ஆடுவதைப் பற்றி அவர் எழுதினார். இங்கே மேசையில் கம்பி கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது, காடு. இது நம் வாசல்வரை வருகிறது. பிரேசில் ஈட்டி அருகிப்போய் 1992-இல் சைட்டிஸ் என்கிற பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் முதல் பட்டியலில் சேர்ந்து, அதன் வணிகம் தடைபட்டது. அதற்கு வெகு முன்பே, 1960-களிலேயே, கிட்டார்க் கம்பெனிகள் இந்திய ஈட்டியின் பக்கம் திரும்பிவிட்டன. நாம் தோதகத்தி என்றும் சொல்கிற அதே மரம். நீலகிரி, வயநாடு, குடகு, ஆனைமலை. 2011 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் டென்னசியிலுள்ள கிப்சன் ஆலைகளில் சோதனையிட்டு இந்தியாவிலிருந்து வந்த ஈட்டி, கருங்காலிக் கட்டைகளைப் பறிமுதல் செய்தார்கள். 2012-இல் அந்தக் கம்பெனி, 2009-இல் பிடிபட்ட மடகாஸ்கர் கருங்காலியையும் சேர்த்த வழக்கில், 3 லட்சம் டாலர் அபராதம் கட்டி முடித்துக்கொண்டது. இந்திய மரம் அவர்களுக்கே திரும்பிப் போயிற்று. அங்கே இது 'அரசாங்கக் கெடுபிடி, வேலைவாய்ப்பு' என்று அரசியலாயிற்று. 2017-இல் ஈட்டிக் குடும்பம் முழுவதும் இரண்டாம் பட்டியலுக்கு வந்தது. 2019-இல் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது.

இந்தச் சண்டையில் கம்பெனி பேசியது, அரசு பேசியது, சூழலியலாளர்கள் பேசினார்கள், கிட்டார்காரர்கள் புலம்பினார்கள். அந்தக் காட்டில் இருப்பவர்கள் பேசினார்களா? 1882-இன் சென்னை வனச் சட்டம் தொடங்கி நம் மலைகளில் மரம் அரசின் சொத்து. 1994-இன் தமிழ்நாடு ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சொந்தப் பட்டாவில் நிற்பதையும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாதிருந்தது. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மரம் மிச்சமிருக்க வேண்டும். ஆனால் சுள்ளி பொறுக்கினால் திருடன் என்று நிறுத்தப்படுகிறவரின் மலையிலிருந்து கிளம்பிய மரம் கடல் கடந்து 'டோன்' ஆகி, மீண்டும் நம் கடைக்கே வந்து 'ஜாதி மரம் சார்' என்று விலை பேசுகிறது. அந்த 'டோனில்' பெரும்பகுதி இல்லாத ஒன்று என்றும் பார்த்துவிட்டோம். கேட்காத ஒரு வேறுபாட்டுக்காக வெட்டப்படுகிற மரத்தை என்னவென்று சொல்வது?

7

குழுவின் கூட்டத்தில் இதையெல்லாம் நான் விளக்கியபோது எங்கள் பாடகர் எரிச்சலானார். "எல்லாம் சரி தோழர், இப்ப வாங்கணுமா வேணாமா, அதச் சொல்லுங்க."

மறுவாரம் போய் 11 ஆயிரம் ரூபாய்க் கிட்டாரை வாங்கினோம், இம்முறை வயரைச் செருகிக் கேட்டுவிட்டு. உடம்பு என்ன மரம் என்று கடைக்காரருக்கே நிச்சயமில்லை. கழுத்து நேராக இருக்கிறதா, எல்லா ஃப்ரெட்டிலும் ஸ்வரம் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தோம். ஓரிடத்தில் லேசாகச் செத்தது. பரவாயில்லை. மிச்சப் பணத்தில் ஒரு பழைய ஆம்ப், நல்ல கேபிள், இரண்டு செட் கம்பி. ஃப்ரெட் தேய்த்து, கம்பியின் உயரம் சரிசெய்து தருகிற ஒரு மனிதரை விசாரித்துக் கண்டுபிடித்து அவருக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்தோம். கிட்டார் வேறு ஆளாகிவிட்டது. அந்தப் பணம் கைக்குப் போயிற்று, கட்டைக்கல்ல.

முதல் நிகழ்ச்சியில் சாரல் மழை. பறையைத் தீயில் காட்டிக் காய்ச்சிக்கொண்டிருந்த தோழர் என்னைக் கூப்பிட்டு, "இது தோல். ஈரம் பட்டா தொங்கும், சூடு காட்டினா ஏறும். இங்க உங்க கட்டுரை செல்லாது" என்றார். சரிதான். பொருளின் குணம் பேசுகிற இடம் உண்டு, பேசுவதாக நம்மை நம்பவைக்கிற இடமும் உண்டு. பறையின் தோலுக்கு ஆயிரம் ஆண்டுகளாக இழிவையும் கிட்டாரின் கட்டைக்கு ஐம்பது ஆண்டுகளில் மகிமையையும் ஏற்றிவைத்த வேலை, தோலிலும் கட்டையிலும் நடந்ததல்ல. அது நடக்கிற இடத்தைத்தான் நாம் தட்டிப் பார்க்க வேண்டும்.